டப்பா காலியாகும் வரை கை நிற்பதில்லை: பண்டிகைக் காலச் சாக்லேட் ஆசையை என்ன செய்யலாம்?

கேள்வி: பண்டிகை, விடுமுறை என்று வந்துவிட்டால் வீட்டிலும் அலுவலகத்திலும் சாக்லேட் டப்பாக்கள் குவிகின்றன. ஒன்று எடுத்தால் பாதி டப்பா போய்விடுகிறது. ராத்திரி தூக்கம் கெடுகிறது, நெஞ்சு எரிகிறது. அடியோடு நிறுத்திவிடலாமா? அல்லது டார்க் சாக்லேட்டுக்கு மாறினால் போதுமா?

பதில்:

அடியோடு நிறுத்துவது பெரும்பாலானவர்களுக்குப் பலிக்காது. டார்க்குக்கு மாறுவது மட்டும் போதவும் போதாது. சாக்லேட் ஆசை எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். அது வாயில் இருக்கிறது. உடம்பில் ஏதோ ஒரு சத்துக் குறைந்துபோய் அது கேட்பதில்லை.

இதை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிச்னரும் ரோசினும் நேரடியாகவே சோதித்தார்கள். ஆய்வு 1994-ல் வெளியானது. சாக்லேட் ஆசை அடிக்கடி வருபவர்களுக்கு, ஆசை வந்த நேரம் பார்த்து, ஒரு முறை மில்க் சாக்லேட், ஒரு முறை ஒயிட் சாக்லேட், ஒரு முறை கொக்கோப் பொடி அடைத்த கேப்ஸ்யூல், ஒரு முறை ஒன்றுமில்லாத கேப்ஸ்யூல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். காஃபின், தியோபுரோமின் என்று கொக்கோவில் உள்ள வேதிப்பொருள்கள் எல்லாம் அந்தக் கேப்ஸ்யூலில் இருந்தன. ஆசை அடங்கவில்லை. மில்க் சாக்லேட் அடக்கியது. கொக்கோத் தூளே இல்லாத ஒயிட் சாக்லேட்கூட ஓரளவு அடக்கியது. ஒயிட் சாக்லேட்டோடு கொக்கோ கேப்ஸ்யூலைச் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

ஆகவே "உடம்பில் மெக்னீசியம் குறைவு, அதனால்தான் சாக்லேட் கேட்கிறது" என்ற பேச்சை விட்டுவிடலாம். மெக்னீசியம் முந்திரியிலும் பூசணி விதையிலும் கீரையிலும் தாராளமாக இருக்கிறது. நள்ளிரவில் எழுந்து கீரையைத் தேடுபவர் யாரும் இல்லை. காதல் வேதிப்பொருள் என்று புகழப்படும் ஃபீனைல்எத்திலமீன் கதையும் அப்படித்தான். சாக்லேட்டில் இருக்கும் சிறிதளவும் மூளையை எட்டுவதற்கு முன்பே உடம்பில் பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது.

நாக்குக்குக் கிடைப்பது வேறு. கொக்கோ வெண்ணெய் சரியான படிக வடிவில் இருக்கும்போது சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். அறையில் கெட்டி, வாயில் திரவம். உருகும்போது நாக்கு குளிர்கிறது, வாசனை மூக்குக்கு ஏறுகிறது, சர்க்கரையும் கொழுப்பும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. இனிப்பும் கொழுப்பும் இந்த விகிதத்தில் சேர்ந்த உணவு இயற்கையில் அரிது. ஆசைப்படுவது இந்த அனுபவத்துக்குத்தான் என்றால், வாய்க்கு அதை முழுதாகக் கொடுப்பதே வழி. இரண்டு கடியில் மென்று விழுங்கிய சாக்லேட்டின் கலோரி முழுக்க உடம்பில் சேர்கிறது. ஆசை மட்டும் அப்படியே நிற்கிறது. பாதி டப்பா போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

பண்டிகைக் காலத்தில் மட்டும் ஏன் இது கை மீறுகிறது? முதல் காரணம் வகை. ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்தச் சுவை மட்டும் சலிக்கும், வேறு சுவைக்கு வயிற்றில் இடம் இருப்பதுபோலவே தோன்றும். உணவு ஆய்வாளர் பார்பரா ரோல்ஸும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 1980-களின் தொடக்கத்திலேயே இதைச் சோதனைகளில் காட்டினார்கள். கேரமல், ஹேசல்நட், ஆரஞ்சு, புதினா என்று பதினைந்து வகை அடுக்கிய டப்பாவில் ஒவ்வொரு வகையும் சலிப்பைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வைக்கிறது. ஒரே வகையான 200 கிராம் பாரை ஒரே அமர்வில் தீர்ப்பது கஷ்டம். கலவை டப்பாவில் அதே 200 கிராம் சிரமமில்லாமல் போய்விடும்.

இதற்கு மருந்து சாதாரணமானது. ஒரு நேரத்தில் ஒரு டப்பா மட்டும் திறந்திருக்கட்டும். கலவை டப்பா என்றால் வந்த அன்றே வகைவாரியாகப் பிரித்துச் சின்னப் பைகளில் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு பையை மட்டும் வெளியே எடுங்கள். உறைக் காகிதங்களை உடனே குப்பையில் போடாமல் அன்றைக்கு முழுதும் ஒரு கிண்ணத்தில் சேர்த்து வையுங்கள். எத்தனை சாப்பிட்டோம் என்பதை மனம் குறைத்தே சொல்லும், காகிதம் சொல்லாது.

இரண்டாவது காரணம், கண்ணில் படுவது. மேசை மேல் திறந்த தட்டில் இருக்கும் சாக்லேட்டைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் "வேண்டாம்" என்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் நாற்பது முறை பார்த்தால் நாற்பது முடிவு, அதில் பத்து தோற்கும். ஒளி புகாத, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வைத்து, எழுந்து நடந்துபோய் எடுக்க வேண்டிய அலமாரியில் வையுங்கள். அலுவலகத்தில் பொது டப்பாவை உங்கள் மேசையிலிருந்து நகர்த்தி, யாருக்கும் இருக்கை இல்லாத இடத்தில் வைத்துவிட்டால் உங்களுக்கு மட்டுமல்ல, எல்லாருக்குமே குறையும். மன உறுதியை வளர்க்கச் சொல்லும் அறிவுரைகளைவிட இந்த நாலு அடி தூரத்துக்குப் பலம் அதிகம் என்பது என் கணிப்பு.

அளவு விஷயத்துக்கு வருவோம். மில்க் சாக்லேட்டில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 535 கலோரி, 50 கிராம் சர்க்கரை, 30 கிராம் கொழுப்பு. டப்பாக்களில் வரும் தனித்தனித் துண்டு பெரும்பாலும் 10 முதல் 13 கிராம் வரை இருக்கும். 12 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு துண்டில் 6 கிராம் சர்க்கரை, 65 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கப்படும் சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம். நான்கு துண்டில் கீழ் எல்லை தொட்டுவிடும், எட்டில் மேல் எல்லை. அன்றைக்குக் குடித்த காபி, டீ, சாப்பிட்ட கேக், பிஸ்கட் எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

பண்டிகை நாட்களுக்கு நான் சொல்லும் வரம்பு: மற்ற இனிப்புகளும் சாப்பிடும் நாளில் இரண்டு துண்டு, சாக்லேட் மட்டுமே இனிப்பு என்ற நாளில் மூன்று அல்லது நான்கு. பார் என்றால் 20 முதல் 30 கிராம். சமையல் தராசு இருந்தால் ஒரே ஒரு முறை எடை போட்டுப் பாருங்கள். உங்கள் பாரில் 25 கிராம் என்பது எத்தனை கட்டம் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் தராசு தேவையில்லை. கண்ணால் மதிப்பிட்டுப் பழகியவர்கள் 25 என்று நினைத்து 40 எடுப்பதுதான் வழக்கம்.

எப்போது சாப்பிடுகிறீர்கள் என்பது எவ்வளவு என்பதைப் போலவே முக்கியம். இதை யாரும் சொல்வதில்லை. 1999-ல் கிப்சன், டெஸ்மண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், சிலரைப் பசித்திருக்கும்போது மட்டும் சாக்லேட் சாப்பிட வைத்தார்கள். வேறு சிலரைச் சாப்பாட்டுக்குப் பின் வயிறு நிறைந்திருக்கும்போது மட்டும். பசியில் சாப்பிட்டவர்களுக்குச் சாக்லேட் ஆசை வளர்ந்தது. நிறைந்த வயிற்றில் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. பசி நேரத்தில் கிடைக்கும் சர்க்கரையும் கொழுப்பும் உடம்புக்குப் பெரிய பரிசு. அந்தச் சுவையையும் அந்த நேரத்தையும் மூளை முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. மாலை நாலு மணிக்குப் பசியோடு டப்பாவைத் திறக்கும் பழக்கம் ஒரு வாரம் தொடர்ந்தால், எட்டாவது நாள் நாலு மணிக்குக் கை தானாகப் போகும்.

ஆகவே மதிய உணவு முடிந்து கால் மணி நேரத்துக்குள் சாக்லேட்டைச் சாப்பிட்டுவிடுங்கள். மாலைப் பசிக்கு முதலில் சுண்டல், வேர்க்கடலை, முட்டை, தயிர் மாதிரி புரதம் உள்ள ஏதாவது ஒன்று. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் ஒரு துண்டு.

சாப்பிடும் முறைக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. ஃப்ரிட்ஜில் இருந்தால் அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து, உறை பிரிக்காமல் வையுங்கள். 20 முதல் 22 டிகிரி வரை உள்ள சாக்லேட் நாக்கில் உடனே இளகும். 5 டிகிரியில் அது கல். உருகாது, மணம் வராது, மென்று விழுங்கத்தான் தோன்றும், அடுத்ததைக் கை தேடும். ஒரு துண்டை எடுத்து இரண்டாக உடையுங்கள். ஒரு பாதியை நாக்கின் மேல் வைத்து, பல் படாமல் மேலண்ணத்தோடு அழுத்திப் பிடியுங்கள். முதலில் இனிப்பு, பிறகு கொக்கோவின் கசப்பும் புளிப்பும், கடைசியில் வறுத்த மணம் என்று வரிசையாக வரும். முழுதாகக் கரைய ஒன்றரை, இரண்டு நிமிடம் பிடிக்கும். ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு அடுத்த பாதி. உள்ளே கேரமலோ நட்ஸோ இருந்தால் உறை கரைந்த பிறகு மெல்லலாம். டி.வி.யோ போனோ பார்த்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. இரண்டு துண்டை இப்படிச் சாப்பிட்ட பிறகு மூன்றாவது வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள், பல நாள் வேண்டாம் என்றே பதில் வரும். வேண்டும் என்று வந்தால் சாப்பிடுங்கள், ஆனால் இதே முறையில்.

நேரம் கெட்ட நேரத்தில் ஆசை வந்தால், "நினைக்கவே கூடாது" என்று அடக்குவது உதவாது. 2008-ல் ஜேம்ஸ் எர்ஸ்கைன் என்ற உளவியல் ஆய்வாளர் செய்த சோதனையில், சாக்லேட் நினைப்பை அடக்கச் சொல்லப்பட்ட பெண்கள் பிறகு மற்றவர்களைவிட அதிகமாகவே சாப்பிட்டார்கள். நடந்துவிட்டு வருவது உதவும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்றில், 15 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு மேசை வேலைக்கு உட்கார்ந்தவர்கள், நடக்காதவர்களைவிட ஏறக்குறைய பாதிச் சாக்லேட்தான் எடுத்தார்கள். ஆசை அலைபோல் ஏறி இறங்கும். அது இறங்கும் வரைக்கும் காலுக்கு வேலை கொடுத்தால் போதும்.

டார்க் சாக்லேட் பற்றி. உறையில் 70 சதவீதம் என்று இருந்தால், கொக்கோத் தூளும் கொக்கோ வெண்ணெயும் சேர்ந்து 70. மீதி 30 பெரும்பாலும் சர்க்கரை. அதனால் சர்க்கரை நிச்சயம் குறைவு. 25 கிராமில் 7 அல்லது 8 கிராம்தான். ஆனால் கொழுப்பு கூடிவிடுவதால் கலோரி 100 கிராமுக்கு 600 வரை போகும். எடைக்காக மாறுபவர்களுக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை, அளவு குறைந்தால் ஒழிய. கசப்பு இருப்பதால் பலருக்கு அளவு தானாகக் குறைகிறது. கசப்பு பிடித்துப்போனவர்களுக்குக் குறைவதில்லை.

"இதயத்துக்கு நல்லது" என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கொக்கோவில் உள்ள ஃபிளவனால்கள் என்ற தாவரப் பொருள்கள் ரத்தக்குழாய் விரிவதற்கு உதவுகின்றன. தினம் 200 மில்லிகிராம் ஃபிளவனால் இதற்குப் போதும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கொக்கோவில் ஃபிளவனாலின் பெரும் பகுதி அழிந்துவிடுகிறது, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று உறையில் போடுவதும் இல்லை. 2022-ல் முடிவு வெளியான காஸ்மாஸ் ஆய்வு, 21,000-க்கும் அதிகமானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு தினம் 500 மில்லிகிராம் கொக்கோ ஃபிளவனாலையும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையையும் கேப்ஸ்யூலாகக் கொடுத்துப் பார்த்தது. இதயநோய் நிகழ்வுகளின் மொத்த எண்ணிக்கை உறுதியாகச் சொல்லும்படி குறையவில்லை. இதயநோயால் நேர்ந்த மரணங்கள் மட்டும் குறைந்தன. கொடுக்கப்பட்டது சாக்லேட் அல்ல என்பதையும் கவனியுங்கள். மருந்தாக நினைத்துக் கூடுதலாக ஒரு கட்டம் சாப்பிடுவதற்கு இதில் ஆதாரம் இல்லை.

டார்க்கில் இன்னொரு சிக்கல் கன உலோகம். கொக்கோ மரம் மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சுகிறது. ஈயம் பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகு, கொட்டை வெளியில் காயும்போது தூசியில் படிகிறது. அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2022 டிசம்பரில் 28 டார்க் பார்களைச் சோதித்தபோது எல்லாவற்றிலுமே இரண்டும் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல், 50 சதவீதத்துக்கு மேல் கொக்கோ உள்ள சாக்லேட்டில் கிலோவுக்கு 0.80 மில்லிகிராம் காட்மியம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. பண்டிகை மாதத்தில் சாப்பிடுவதால் பயப்பட ஒன்றும் இல்லை. ஆண்டு முழுதும் தினமும் டார்க் சாப்பிடுபவர்கள் ஒரே பிராண்டில் நிற்காமல் மாற்றிக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம்.

நீங்கள் கேட்ட தூக்கத்துக்கும் டார்க்கே முதல் சந்தேக நபர். 70 சதவீதத்துக்கு மேற்பட்ட டார்க்கில் 100 கிராமுக்குச் சுமார் 80 மில்லிகிராம் காஃபினும் 800 மில்லிகிராம் தியோபுரோமினும் உண்டு. மில்க் சாக்லேட்டில் இவை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஒயிட்டில் கிட்டத்தட்ட இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 50 கிராம் டார்க் என்றால் 40 மில்லிகிராம் காஃபின், அதாவது அரை கப் காபிக்குச் சற்றுக் குறைவு. தியோபுரோமின் தூக்கத்தைக் காஃபின் அளவுக்குக் கெடுப்பதில்லை, ஆனால் உடம்பில் பாதியாகக் குறையவே ஏழெட்டு மணி நேரம் எடுக்கும். சிலருக்குப் படபடப்பாகத் தெரியும். டார்க்கை மதியத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். ராத்திரி கட்டாயம் வேண்டுமென்றால் மில்க் அல்லது ஒயிட்டில் ஒரு துண்டு.

நெஞ்செரிச்சலுக்கு இரண்டு வழியில் சாக்லேட் உதவி செய்கிறது, கெட்ட உதவி. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. உணவுக்குழாயின் அடியில் உள்ள வளையத் தசையைச் சாக்லேட் தளர்த்துகிறது, அமிலம் மேலே வருகிறது. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே நிறுத்தினால் பலருக்கு இது அடங்கிவிடும். புதினா கலந்த சாக்லேட்டைத் தவிருங்கள். புதினாவும் அதே தசையைத் தளர்த்தும். பண்டிகை விருந்தின் எண்ணெயும் மதுவும் சேரும் இரவில் ஒரு துண்டுகூடப் போதும், எரிச்சல் தொடங்க.

பல்லுக்கு மொத்த அளவைவிடத் தடவைகள்தான் முக்கியம். இனிப்பு வாயில் பட்டதும் பல்மேல் உள்ள படலத்தில் பாக்டீரியா அமிலம் உண்டாக்கும். கார அமில அளவு (pH) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஆறு துண்டை ஒரே அமர்வில் சாப்பிட்டால் ஒரு தாக்குதல், மணிக்கு ஒன்றாகச் சாப்பிட்டால் நாள் முழுதும் தாக்குதல். 1940-களில் சுவீடனின் விப்பேஹோல்ம் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றியவர்களை வைத்து நடத்திய, இன்றைக்கு யாரும் நியாயப்படுத்த முடியாத ஆய்வு காட்டியதும் இதைத்தான்: சாப்பாட்டுக்கு இடையில் பல்லில் ஒட்டும் மிட்டாய்தான் சொத்தையை அதிகமாக்கியது. வெறும் சாக்லேட் சீக்கிரம் கரைந்து போய்விடும். கேரமலும் டாஃபியும் நிரப்பியவை பற்குழியில் உட்கார்ந்துகொள்ளும். சாப்பிட்டதும் தண்ணீரால் நன்றாகக் கொப்பளியுங்கள், ராத்திரி பல் துலக்கிய பிறகு ஒன்றும் வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்கள் சாக்லேட்டைத் தொடவே கூடாது என்பதில்லை. சாப்பாட்டோடு சேர்த்து, உறையில் மொத்த மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) எவ்வளவு என்று பார்த்து, அதை அன்றைய கணக்கில் அடக்க வேண்டும். "சர்க்கரை இல்லாதது" என்ற முத்திரையை நம்பி அதிகம் சாப்பிடாதீர்கள். அதில் பெரும்பாலும் மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பு இருக்கும். சர்க்கரையைவிடக் குறைவாக, ஆனால் ரத்தச் சர்க்கரையை அதுவும் ஏற்றும். மால்டிட்டால் 30, 40 கிராமைத் தாண்டினால் பலருக்கு வயிறு உப்பும், பேதியாகும். கொழுப்பும் கலோரியும் பெரிதாகக் குறைவதில்லை. நேர்மாறாக, ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டால் அதை மீட்கச் சாக்லேட் கொடுக்கக் கூடாது. கொழுப்பு சர்க்கரையை மெதுவாகவே விடும். அப்போது தேவை குளுக்கோஸ், சர்க்கரைத் தண்ணீர் அல்லது பழச்சாறு.

ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் டார்க்கையும் கொக்கோப் பொடியையும் குறைத்துக்கொள்ள வேண்டும். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு முழுக் கொட்டை உள்ள சாக்லேட் மூச்சுக்குழலில் சிக்கும். மது நிரப்பிய வகை பெரியவர்கள் டப்பாவில் கலந்து கிடக்கும், பார்த்துப் பிரித்துவிடுங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் இதை மட்டும் மறக்காதீர்கள். நாயின் உடம்பு தியோபுரோமினை மிக மெதுவாகவே வெளியேற்றும். எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தியும் பதற்றமும் தொடங்கலாம்; 40, 50-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு கெடும், 60-ல் வலிப்பு வரும். 10 கிலோ நாய்க்கு முதல் எல்லையை எட்ட மில்க் சாக்லேட் 100 கிராம் வேண்டும், டார்க் வெறும் 25 கிராம் போதும். அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம், அதுவரை காத்திருக்காமல் உறையைக் கையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரை அழையுங்கள். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது இன்னொரு விஷம். சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு சேர்ந்த சர்க்கரையில்லாச் சாக்லேட் நாய்க்கு இன்னும் ஆபத்து.

ஒரு நாள் வரம்பு மீறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாள் பட்டினி கிடக்காதீர்கள். பசித்த வயிறு மறுபடி டப்பாவுக்கே போகும், கிப்சன் ஆய்வு சொன்ன அதே வழியில். நடந்து கரைத்துவிடலாம் என்ற கணக்கும் கட்டுப்படியாகாது: 100 கிராம் மில்க் சாக்லேட்டின் 535 கலோரிக்கு 70 கிலோ எடையுள்ளவர் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். அடுத்த வேளையை வழக்கம்போல, காய்கறியும் புரதமுமாகச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் 195 பேரின் எடையைப் பின்தொடர்ந்து 2000-ல் வெளியான ஆய்வில், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை சராசரியாக ஏறியது 0.37 கிலோதான், தங்களுக்கு ஏறியதாக அவர்கள் நினைத்தது அதைப்போலப் பல மடங்கு. ஒரு நாள் ஆட்டத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் அதே ஆய்வில், ஏறிய அந்தச் சிறு எடை பிறகு வந்த மாதங்களில் பெரும்பாலும் இறங்கவே இல்லை.

ஆசை வேறு, கட்டுப்பாடே இல்லாமல் போவது வேறு. வயிறு வலிக்கும் வரை வேகவேகமாகச் சாப்பிடுவது, யாருக்கும் தெரியாமல் மறைந்து சாப்பிடுவது, முடிந்ததும் அருவருப்பும் குற்ற உணர்வும் வருவது, இது வாரத்துக்கு ஒரு முறையாவது மூன்று மாதமாக நடப்பது என்றால் மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. அதற்குச் சிகிச்சை இருக்கிறது, மேலே சொன்ன டப்பா தந்திரங்கள் அங்கே எடுபடாது.

மீதி இருப்பது குவிந்துகிடக்கும் சரக்கு. "கெட்டுப்போய்விடும்" என்ற அவசரத்திலேயே நிறையப் பேர் சாப்பிட்டுத் தீர்க்கிறார்கள். வெறும் டார்க் சரியாக வைத்தால் ஒரு வருடத்துக்கு மேலும், மில்க் ஒரு வருடம் வரையும் தாங்கும். ஒயிட் அதைவிடக் குறைவு. க்ரீம் அடைத்த ட்ரஃபிள் மட்டும்தான் உண்மையில் அவசரம், அதை முதலில் தீருங்கள் அல்லது கொடுத்துவிடுங்கள். உகந்த இடம் 15 முதல் 18 டிகிரி வரை, ஈரமும் வெயிலும் படாதது. வெங்காயம், மசாலா, சோப்பு பக்கத்தில் இருந்தால் அந்த வாசனையைக் கொக்கோ வெண்ணெய் இழுத்துக்கொள்ளும்.

வெயிலான ஊரில் ஃப்ரிட்ஜைத் தவிர வழியில்லை. உறையோடு ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, அதைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மாதக்கணக்கில் வேண்டுமென்றால் ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு பிரீசருக்கு மாற்றுங்கள். வெளியே எடுக்கும்போது அதே பாதையில் திரும்ப வேண்டும்: பிரீசரிலிருந்து ஒரு நாள் ஃப்ரிட்ஜில், பிறகு அறைச் சூட்டுக்கு வரும் வரை பை திறக்காமல். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த சாக்லேட்டின் மேல் ஈரம் படியும், அது சர்க்கரையைக் கரைத்து, காய்ந்ததும் சொரசொரப்பான வெள்ளைப் படலமாக நிற்கும். தொட்டால் வழுக்கும், விரல் சூட்டில் மறையும் வெள்ளைப் படலம் வேறு. இளகி மறுபடி இறுகியபோது மேலே வந்த கொழுப்பு அது. இரண்டையும் பூஞ்சை என்று நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம், சாப்பிடலாம், ருசிதான் கொஞ்சம் மட்டு.

அப்படி வெளுத்தவற்றையும் யாரும் விரும்பாத வெறும் துண்டுகளையும் உருக்கிப் பயன்படுத்துவது நல்லது. ஒரு கப்புக்கு 25 கிராம் சாக்லேட், 200 மில்லி பால், சர்க்கரை சேர்க்காமல். கொதி வரும் முன்பே அடுப்பை அணைத்துக் கலக்குங்கள். இதை அன்றைய சாக்லேட்டுக்குப் பதிலாகக் குடிக்க வேண்டும், அதோடு சேர்த்து அல்ல. விருந்தாளிகளுக்கு என்றால் டார்க்கும் க்ரீமும் சம எடை எடுத்துக் கனாஷ் என்ற க்ரீம் கலவை செய்யலாம்; மில்க் சாக்லேட் என்றால் க்ரீமைப் போல் இரண்டு பங்கு. பொடியாக நறுக்கிய சாக்லேட் மேல் சூடான க்ரீமை ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு, நடுவிலிருந்து கலக்குங்கள். எண்ணெய் பிரிந்தால் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பால் விட்டுக் கலந்தால் சேர்ந்துவிடும். வெறும் சாக்லேட்டை உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அது திடீரென்று மண் மாதிரி திரளும். சர்க்கரைத் துகள்கள் ஈரத்தில் ஒட்டிக்கொள்வதால் வருவது இது. அப்போது அடுப்பைக் குறைக்கவோ கூட்டவோ செய்யாமல், 60 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் வெந்நீரோ பாலோ விட்டுக் கலக்கினால் சாஸாக மீளும், ஆனால் மறுபடி பாராக உறையாது. கேரமல், பழக்கூழ், மது நிரப்பியவற்றை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.